தன்பாலீர்ப்பாளர் பற்றிய செய்தியைத் திருத்துவது எப்படி: துணை ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

"தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை அந்த நடிகர் ஒப்புக்கொண்டார்." இப்படி ஒரு வாக்கியம் திருத்தும் மேசைக்கு வந்தால், எழுத்துப் பிழையோ ஒற்றுப் பிழையோ இல்லை என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போயிருக்கிறேன். "நீங்கள் தமிழர் என்பதை எப்போது ஒப்புக்கொண்டீர்கள்?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்ட பிறகுதான் உறைத்தது. கடனை ஒப்புக்கொள்வார்கள், தவற்றை ஒப்புக்கொள்வார்கள், கொலையை ஒப்புக்கொள்வார்கள். அந்த நடிகர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, தம்மைப் பற்றி ஒரு செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான். "தெரிவித்தார்" என்று மாற்ற மூன்று விநாடி ஆகும். வெறுப்பு வசைச்சொல்லாக வரும்போது எந்த ஆசிரியரும் அதை வெட்டிவிடுவார். இப்படி வினைச்சொல்லாகவும், யாரிடம் கருத்துக் கேட்டோம் என்ற தேர்வாகவும் வரும்போது அது நம் கண்ணைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே பிரதியைத் திருத்தும்போது எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சொற்கள்

"ஓரினச்சேர்க்கை" என்ற சொல் பரவலாகப் புழங்குவதால் அதை எழுதியவர் எல்லாரும் வெறுப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் "சேர்க்கை" என்ற பகுதி ஒரு மனிதரின் ஈர்ப்பு, அன்பு, உறவு அனைத்தையும் உடல் சார்ந்த ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. ஆணும் பெண்ணும் மணந்துகொண்ட செய்தியில் அவர்களுடைய படுக்கையறையைக் குறிக்கும் சொல்லைத் தலைப்பில் வைப்பதில்லை. "தன்பாலீர்ப்பு", "தன்பாலீர்ப்பாளர்" என்பவை அந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆண், பெண் இருவர்மீதும் ஈர்ப்புக் கொள்பவரை "இருபாலீர்ப்பாளர்" என்று எழுதலாம். மேற்கோளுக்குள் ஒருவர் பழைய சொல்லைச் சொல்லியிருந்தால் அதை மாற்றக் கூடாது. அது அவருடைய சொல், அவருடைய பொறுப்பு.

"இயற்கைக்கு மாறான உறவு" என்பதை முற்றிலும் விட்டுவிடுங்கள். அது தமிழ் மரபிலிருந்து வந்த தொடர் என்று பலர் நினைக்கிறார்கள். காலனி அரசு 1860-இல் இயற்றி 1862 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவில் இருந்த, "இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான" என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்புதான் அது. சட்டம் போன பிறகும் அதன் மொழியை நாம் இலவசமாக அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு குழப்பம், திருநங்கையரையும் தன்பாலீர்ப்பாளரையும் ஒன்றாக எழுதுவது. திருநங்கை, திருநம்பி என்பவை ஒருவர் தம்மை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைச் சொல்கின்றன. தன்பாலீர்ப்பு என்பது யார்மீது ஈர்ப்பு ஏற்படுகிறது என்பதைச் சொல்கிறது. திருநரின் (இவர்கள் அனைவருக்குமான பொதுச்சொல்) உரிமைகளை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014 ஏப்ரலில். தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்ற தீர்ப்பு 2018 செப்டம்பரில் வந்தது. இரண்டும் வேறு வழக்குகள். சந்தேகம் வந்தால், தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக வந்தது அது. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மேசைக்கு மேசை ஒரு சொல் என்ற நிலையை விட அது மேல்.

குற்றச் செய்திகள்

அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் வாசகர் இந்தச் சொல்லை அதிகம் சந்திப்பது குற்றப் பக்கத்தில்தான்.

இரண்டு மாதிரிகளைப் பாருங்கள். முதலாவது: "சிறுவனிடம் ஓரினச்சேர்க்கையில் ஈடுபட்டவர் கைது." இங்கே நடந்தது குழந்தைமீதான பாலியல் வன்முறை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சிறுவன், சிறுமி என்று வேறுபாடு பார்ப்பதில்லை. சிறுமியைத் துன்புறுத்தியவரைப் பற்றிய செய்தியில் "எதிர்பாலீர்ப்பில் ஈடுபட்டவர்" என்று யாரும் எழுதுவதில்லை. "ஈடுபட்டவர்" என்பது சிறுவனும் விரும்பிச் சேர்ந்துகொண்டது போன்ற தொனியைத் தருவது அதைவிடப் பெரிய கேடு. "சிறுவனுக்குப் பாலியல் கொடுமை: போக்சோவில் ஒருவர் கைது" என்று எழுதினால் குற்றம் குற்றமாக நிற்கும். குழந்தையின் அடையாளம் வெளிப்படும் எந்த விவரத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்வதையும் நினைவில் வையுங்கள். சிறுவனுடைய பள்ளியின் பெயரும் அதில் அடக்கம்.

இரண்டாவது: "செயலி மூலம் ஓரினச்சேர்க்கைக்குச் சென்ற வாலிபரிடம் பணம், நகை பறிப்பு." இதில் குற்றவாளிகள் யார்? செயலியில் பேசி வரவழைத்து, மிரட்டி, படம் எடுத்து, பணம் பறித்த கும்பல். தலைப்போ பாதிக்கப்பட்டவரைத்தான் கூண்டில் ஏற்றுகிறது. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தை மூலதனமாக வைத்துத்தான் அந்தக் கும்பல் தொழில் நடத்துகிறது. நம் தலைப்பும் அதே அச்சத்தை வளர்த்தால் அடுத்த வாலிபர் புகார் கொடுக்கப் போக மாட்டார். "செயலியில் பழகி மிரட்டிப் பணம் பறித்த நால்வர் கைது" என்பதில் வாசகருக்குத் தேவையான எதுவும் விடுபடவில்லை. ஒருவருடைய பாலீர்ப்பை நீக்கிவிட்டால் செய்தி புரியாமல் போகுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை போகாது.

தீர்ப்புச் செய்திகள்

நீதிமன்றச் செய்திகளில் வெறுப்பை விட அவசரம்தான் அதிகத் தீங்கு செய்கிறது. "ஓரினச்சேர்க்கைக்கு அனுமதி", "பச்சைக்கொடி" என்று 2018-இல் பல தலைப்புகள் வந்தன. நீதிமன்றம் யாருக்கும் அனுமதி வழங்கவில்லை. வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவை 377-ஆவது பிரிவு தண்டிக்க முடியாது என்றது. விருப்பமில்லாத செயல்களுக்கும் சிறார்மீதான குற்றங்களுக்கும் அந்தப் பிரிவு அதன் பிறகும் நீடித்தது. 2024 ஜூலை முதல் நாள் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அதற்கு இணையான பிரிவு எதுவும் சேர்க்கப்படவில்லை. இதனால் வயதுவந்த ஆண் பாலியல் வல்லுறவுக்கு ஆளானால் எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது என்ற கேள்வி எழுந்தது. அது தனிச் செய்தியாக எழுதத் தகுந்த விஷயம், ஆனால் நம் பக்கங்களில் அதிகம் வரவில்லை.

தன்பாலினத் திருமணம் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று வழங்கிய தீர்ப்பை "தன்பாலினத் திருமணத்துக்குத் தடை" என்று எழுதியது இன்னொரு பிழை. தடை என்றால் மீறினால் தண்டனை உண்டு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஐந்து நீதிபதிகளும் சொன்னது, திருமணம் செய்துகொள்வது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது. இணையர் உறவுக்குச் சட்ட அங்கீகாரம் தர வேண்டுமா, அவர்கள் சேர்ந்து தத்தெடுக்கலாமா என்பவற்றில் மூவர் ஒரு பக்கம், அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் உள்ளிட்ட இருவர் மறுபக்கம். திருநர் ஒருவர் எதிர்பாலினத்தவரை இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதில் ஐவருக்கும் உடன்பாடு இருந்தது. சட்டப் பதிவு இல்லாமல் இருவர் விழா நடத்தி மாலை மாற்றிக்கொண்டால் அதில் குற்றம் எதுவும் இல்லை. எனவே "அங்கீகாரம் மறுப்பு" என்று எழுதுங்கள். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின என்ற ஒரு வரியைச் சேர்த்தால் பின்னணி முழுமையாகும்.

அரசியல்வாதி பேசும்போது

மேடையில் சொல்லப்பட்டதை அப்படியே தலைப்பாக்குவது எளிது. ஆனால் இந்தத் துறையில் அரசியல் பேச்சு உலகெங்கும் சில அச்சுகளில்தான் வார்க்கப்படுகிறது. அச்சைத் தெரிந்து வைத்திருந்தால் பேச்சுக்குப் பக்கத்தில் எந்த உண்மையை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

"இது மேற்கத்திய இறக்குமதி." இதைப் பேசியவரின் கருத்தாகப் பதிவுசெய்யுங்கள். அடுத்த பத்தியிலேயே, இறக்குமதியானது தண்டனைச் சட்டம்தான் என்பதையும் எழுதுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், உகாண்டா என்று இந்தச் சட்டங்கள் கிளம்பிய இடம் ஒன்றே. பிரிட்டன் தன் நாட்டில் 1967-இல் தொடங்கி அவற்றைக் கைவிட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க வாக்களித்தது. இலங்கையிலும் மலேசியாவிலும் பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன.

"குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும்." பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் 28-ஆவது பிரிவு, ரஷ்யாவில் 2013-ஆம் ஆண்டின் "பிரசார" தடைச் சட்டம், ஹங்கேரியில் 2021-ஆம் ஆண்டின் சட்டம் ஆகிய மூன்றும் தன்பாலீர்ப்பைப் பற்றிய பேச்சைக் கட்டுப்படுத்தியவை; மூன்றும் இந்த வாக்கியத்தோடுதான் வந்தன. ரஷ்யாவில் 2022-இல் அந்தத் தடை எல்லா வயதினருக்கும் விரிந்தது, 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் "சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்" (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒன்றையே தீவிரவாதம் என்றது. ஆகவே இப்படிப் பேசுபவரிடம் நிருபர் கேட்க வேண்டியது: எந்த வயதுக் குழந்தை, எந்தப் பாடப்புத்தகம், எந்தப் பக்கம்? பதில் வராவிட்டால் அதையும் செய்தியில் சொல்லலாம்.

"இவர்கள் ஒரு சிலர்தான்", "இது நகரத்து மேட்டுக்குடியின் கோரிக்கை." முதலாவது வாதத்தை, 377-ஆவது பிரிவு செல்லும் என்று 2013-இல் தீர்ப்பளித்தபோது உச்ச நீதிமன்றமே கையாண்டது. எண்ணிக்கை குறைவு என்பது உரிமையை மறுக்கக் காரணமாகாது என்று 2017-இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் அதே நீதிமன்றம் பெரிய அமர்வில் சொன்னது. இரண்டாவதை ஒன்றிய அரசு 2023-இல் திருமண வழக்கில் வைத்தது, அன்றைய தலைமை நீதிபதி தம் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை.

பேச்சை விட வாக்கு முக்கியம். 2015 டிசம்பரில் 377-ஐத் திருத்தும் தனிநபர் மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்த சசி தரூர் அனுமதி கேட்டபோது ஆதரவாக 24 பேரும் எதிராக 71 பேரும் வாக்களித்தார்கள், ஒருவர் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. 500-க்கும் மேற்பட்டோர் கொண்ட அவையில் வாக்கெடுப்பில் பங்கெடுத்தவர்கள் 100 பேர்கூட இல்லை. அன்று எதிர்த்தவர்களைப் பற்றி நிறைய எழுதினோம். ஆதரவுப் பேச்சு பேசிவிட்டு அன்று அவைக்கு வராத கட்சிகளைப் பற்றி எழுதவில்லை. தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் பெருமித மாதமான ஜூனில் வானவில் படம் பதிவிடும் தலைவரைப் பற்றிய செய்திக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அவருடைய கட்சியின் தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இரு தரப்பு

தொலைக்காட்சித் திரையை நான்கு சதுரமாக்கி, ஒரு தன்பாலீர்ப்பாளருக்கு எதிரே மூன்று எதிர்ப்பாளர்களை உட்காரவைத்து அதை நடுநிலை என்பார்கள். எதை விவாதிக்கலாம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். திருமணச் சட்டத்தை எப்படித் திருத்துவது, வாரிசுரிமை என்ன ஆகும் என்பவை கொள்கைக் கேள்விகள், அவற்றில் மாற்றுக் கருத்துக்கு இடம் தருவது கடமை. தன்பாலீர்ப்பு நோயா என்பது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லும் மருத்துவர் விருந்தினராக வந்தால், அத்தகைய சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருப்பதை நெறியாளர் அவரிடமே கேட்க வேண்டும்.

பெயர், படம், ஊர்

2010 அக்டோபரில் உகாண்டாவில் ஒரு வார இதழ், தன்பாலீர்ப்பாளர் என்று தான் கருதியவர்களின் பெயர்களையும் படங்களையும் சிலரின் முகவரிகளையும் தூக்கிலிடச் சொல்லும் வரியோடு வெளியிட்டது. அப்படி அச்சிடப்பட்டவர்களில் ஒருவரான டேவிட் கட்டோ மற்றவர்களோடு நீதிமன்றம் சென்று இதழுக்கு எதிராக ஆணை பெற்றார். 2011 ஜனவரி 26 அன்று தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். கொள்ளை முயற்சி என்றது காவல்துறை. கொலைக்கு இதழ் காரணமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்த முகவரிகளை அச்சிட யாருக்கு என்ன தேவை இருந்தது?

நம் பக்கங்களில் இதே காரியம் சத்தமில்லாமல் நடக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறிய இரு இளம்பெண்களின் படம் "காணவில்லை" என்று குடும்பத்தார் தந்தபடியே வெளியாகும். வயதுவந்த இருவர் மனமொப்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்று, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் காவல்துறைக்கு உத்தரவிட்டது. போலீஸ் முடித்துவிட்ட தேடலை நாம் தொடரக் கூடாது. ஒருவர் பேட்டி கொடுக்கச் சம்மதித்தால் பெயர், படம், ஊர், வேலை ஆகிய நான்குக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். நண்பர்களுக்குத் தெரியும் என்பதற்காகத் தாய்க்கும் மேலாளருக்கும் தெரியும் என்று ஆகிவிடாது. பெயரை மாற்றிவிட்டு, படிக்கும் கல்லூரியையும் தெருவையும் விட்டுவைத்தால் மாற்றியதில் பயனில்லை.

வெளியான பிறகு அவரே பெயரை எடுக்கச் சொன்னால், இணையப் பிரதியில் மட்டும் திருத்திவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். படக்கோப்பின் பெயர், சுட்டியில் ஆங்கில எழுத்தில் இருக்கும் தலைப்பு, முகநூலில் பகிரப்பட்ட அட்டை, மின்னிதழின் பழைய பக்கம் ஆகியவற்றில் பெயர் அப்படியே கிடக்கும். தேடுபொறியில் அந்தப் பெயரை நீங்களே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு அவருக்குப் பதில் எழுதுங்கள்.