ஏரி நிறையத் தண்ணீர், மதகில் ஒரு சொட்டு இல்லை: வீட்டிலேயே ஒரு சாகசம் எழுதுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு சாகசம் எழுத உட்கார்ந்தால், முதலில் அந்த வரைபடத்தை மூடி வையுங்கள். ஒரு கண்டம், அதில் ஏழு ராஜ்ஜியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சாவளி, எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு உங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்காரப் போகும் நான்கு பேருக்கு அது தேவையில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு ஊர், அந்த ஊரில் இன்றைக்குக் கெட்டுப்போயிருக்கும் ஒரு காரியம், அதைச் சரிசெய்யப் போனால் குறுக்கே நிற்கும் இரண்டு மூன்று பேர். என் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசத்துக்கு நாற்பது பக்கம் எழுதினேன், முந்நூறு வருட அரச வரலாறு உட்பட. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் நண்பர்கள் துறையில் ஒரு படகை விலை பேசி வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் கிளம்பிவிட்டார்கள். என் வரைபடத்தில் அந்தப் பக்கம் நீல ஸ்கெட்ச் பேனாவால் தீட்டியிருந்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் உலகத்தை நடத்துகிறார், அவரை டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். அவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், முடிவு தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் மூன்று சின்னப் புத்தகங்களாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள், முதல் பதிப்பு ஆயிரம் பிரதிதான். அதற்கு முன்பே ஆர்னெசன் மினசோட்டாவில் நண்பர்களை வைத்து பிளாக்மூர் என்ற சொந்த உலகத்தை நடத்திக்கொண்டிருந்தார், விதி போதாத இடத்தில் அங்கேயே விதி செய்துகொண்டு. ஆக, ஆட்டமே வீட்டுத் தயாரிப்பாகத்தான் பிறந்தது. நாம் வீட்டில் செய்தால் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம்.

கதை எழுதாதீர்கள், சிக்கல் எழுதுங்கள்

கதை என்றால் "ஹீரோக்கள் இங்கே போவார்கள், இவரைச் சந்திப்பார்கள், பிறகு அதைச் செய்வார்கள்." இந்த வாக்கியத்தில் எதிர்காலம் முழுக்க உங்களுடையது, ஆனால் அது அவர்கள் கையில் இருக்க வேண்டியது. சிக்கல் என்றால் இப்போது என்ன நிலைமை, யாருக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன ஆகும். எனக்கு நன்றாக நடந்த ஒரு சாகசத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஏரி நிறையத் தண்ணீர் நிற்கிறது. மூன்று வாரமாக மதகில் ஒரு சொட்டு வரவில்லை, வயல் வெடித்துக் கிடக்கிறது. மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியைக் காணவில்லை. (நீர்க்கட்டி என்றதும் ஒருவன் "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்றான். ஐந்து நிமிடம் ஆட்டம் நின்றது. இதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.) மதகுக்குக் கீழே பழைய கல் சுரங்கம். அதில் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கூட்டம் ஒன்று குடியேறியிருக்கிறது. மலையில் ஓகர் என்ற ராட்சத உருவம் ஒன்று அவர்களை விரட்டிவிட்டது, மதகைத் திறந்தால் சுரங்கம் முங்கிவிடும், அதனால் அடைத்துவிட்டார்கள். நீர்க்கட்டி உயிரோடு அவர்களுடன்தான் இருக்கிறார், விருப்பப்பட்டே. கரையின் அடிக்கல் ஆடிப்போயிருப்பது அவருக்கு மட்டும் தெரியும், சட்டென்று மதகைத் திறந்தால் கரையே போய்விடும் என்பது அவர் பயம். ஊர்த் தலைவரோ மேல்மடை வழியாகப் பக்கத்து ஊர்ப் பண்ணையாருக்கு ராத்திரியில் தண்ணீர் விற்கிறார், பழி கோப்ளின்கள் மேல் விழுந்தால் அவருக்கு நல்லது. மழை மூன்றாம் நாள் வரும். யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அன்றைக்குக் கரை உடையும்.

இவ்வளவும் நோட்டில் ஒரு பக்கம்தான். இதில் ஹீரோக்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கோப்ளின்களோடு சண்டை போடலாம், பேசலாம், தலைவரிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம். எது நடந்தாலும் எனக்குப் பதில் தெரியும், ஏனென்றால் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியும். கூடவே, ஏரியும் மடையும் நாம் பார்த்து வளர்ந்த பொருள், அதைப் பற்றி யோசிக்காமலேயே பேச முடியும். பனிமலைக் கோட்டையும் ஓக் மரச் சத்திரமும் எழுதும்போது எனக்கு அந்தச் சரளம் வருவதில்லை.

துப்பு: ஒன்று போதாது

தலைவர்தான் திருடன் என்று கண்டுபிடிக்க, அவர் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை மட்டும் வைத்தேன் என்று வையுங்கள். அதைக் கண்டுபிடிக்க இலக்கு 15, அதாவது பகடையில் விழுவதும் கேரக்டரின் திறமைப் புள்ளியும் சேர்ந்து 15 வர வேண்டும். முதல் லெவல், அதாவது புதிதாகத் தொடங்கும் கேரக்டர் ஒருவருக்கு அந்தத் திறமையில் +5 இருந்தால் பகடையில் 10 அல்லது மேலே விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 55. மீதி 45 வாய்ப்பில் உங்கள் சாகசம் அந்த அறையிலேயே செத்துப்போகும். அதனால் முக்கியமான எந்த உண்மைக்கும் குறைந்தது மூன்று துப்பு. இந்த ஆட்டங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிப் பரவிய விதி இது, டிஎம்களுக்கு இதைவிட உருப்படியான ஆலோசனை ஒன்றை நான் படித்ததில்லை. நோட்டு ஒன்று, பஞ்சத்திலும் பச்சையாக நிற்கும் பக்கத்து ஊர் வயல் ஒன்று, நீர்க்கட்டியின் மடைச் சாவி தலைவர் இடுப்பில் தொங்குவது ஒன்று. மூன்றுக்கும் அதே 55 என்றாலும் மூன்றும் தவறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதுதான். பச்சை வயலுக்குப் பகடையே வேண்டாம், கரைமேல் ஏறினால் கண்ணில் படும்.

சண்டைக் கணக்கு

இங்கேதான் புதிய டிஎம்கள் கை சுட்டுக்கொள்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு கோப்ளினுக்கு 50 அனுபவப் புள்ளி, சண்டை எவ்வளவு கடுமை என்று இதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நான்கு கோப்ளின் 200, கூட்டமாக வருவதால் அதை இரண்டால் பெருக்கி 400. முதல் லெவல் ஹீரோக்கள் நான்கு பேருக்கு "உயிராபத்து" என்று அந்தப் பதிப்பு போட்டிருக்கும் கோடு எவ்வளவு தெரியுமா, அதே 400. பார்க்கப் பூச்சி மாதிரி நான்கு கோப்ளின், ஆனால் ஒரு மந்திரவாதியிடம் இருப்பது ஆறு முதல் எட்டு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), கோப்ளின் கத்தி சராசரியாக 5 எடுக்கும். ஓகர் ஒரு அடிக்குச் சராசரி 13, மந்திரவாதி ஒரே அடியில் சாய்வார். 2024-இல் வந்த திருத்தப் பதிப்பில் இந்தக் கணக்கு முறை மாறிவிட்டது, எந்தப் புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்களோ அதன் அட்டவணையைப் பாருங்கள். புத்தகமே இல்லையென்றாலும் கவலை வேண்டாம், அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், கோப்ளினும் ஓகரும் அதில் இலவசமாகக் கிடைப்பார்கள்.

என் வழக்கம்: பாதிப் பேர் விழுந்ததும் மீதிப் பேர் ஓடிவிடுவார்கள். யாருக்கும் சாக ஆசை இல்லை, கோப்ளினுக்கும்தான். ஓடியவன் அடுத்த வாரம் திரும்பி வந்து கதை தருவான்.

சுரங்கத்துக்கு வாசல் ஒன்று வைக்காதீர்கள், மூன்று வையுங்கள். சாகச வடிவமைப்பாளர் ஜெனெல் ஜாக்வேஸ் 1970களின் கடைசியில் வரைந்த பாதாளங்களில் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கும், உள்ளே போனால் ஒன்றையொன்று சுற்றி வரும், அதனால்தான் இன்றும் அவற்றை வைத்துப் பாடம் எடுக்கிறார்கள்.

ஒன்றுமே தோன்றாத நாள்

வெள்ளிக்கிழமை இரவு, நோட்டு திறந்திருக்கிறது, மூளை கல்லாகிவிட்டது. இது எல்லோருக்கும் வரும். எனக்கு உதவுவது இருபது நிமிட அலாரம். அதற்குள் ஊரில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பத்து வரி எழுதுவேன், கிணற்றில் தங்கக் காசு மிதக்கிறது, கோயில் மணி தானாக அடிக்கிறது, எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது, இப்படி. பத்தில் ஏழு குப்பையாக இருக்கும். அப்புறம் ஒரு பத்து முகப் பகடையை உருட்டி விழுந்ததை எடுத்துக்கொள்வேன், பிடித்ததை அல்ல. பிடித்ததைத் தேட ஆரம்பித்தால் சனிக்கிழமையும் போய்விடும். அலாரம் அடித்தால் எழுந்து போய்த் தூங்க வேண்டும், இது முக்கியம்.

காசு வாங்கி நடிக்கும் குரல் கலைஞர்கள் ஸ்டுடியோ விளக்குகளுக்குக் கீழே ஆடும் வீடியோக்களை அன்றைக்குப் பார்க்காதீர்கள். கல்யாண விருந்துச் சமையல்காரரைப் பார்த்துவிட்டு நம் வீட்டு ரசத்தைக் கொட்டிவிடக் கூடாது.

ஆட்டம் சொதப்பிய நாள்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், பலர் இந்த இடத்தில்தான் டிஎம் வேலையை விடுகிறார்கள். எனக்கு நடந்தது ஒரு கல் கதவு. அதில் ஒரு விடுகதை, நானே எழுதியது, அதற்கு ஒரே விடை. எனக்கு அது குழந்தை விளையாட்டாகத் தெரிந்தது, விடை தெரிந்தவனுக்கு எல்லா விடுகதையும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரம் கதவு முன்னால் நின்றார்கள். ஒருத்தி போனை எடுத்தாள், ஒருவன் சமையலறைக்குப் போய் முறுக்கு டப்பாவோடு வந்தான், நான் ஒரு குறிப்பு கொடுத்தேன், அது இன்னும் குழப்பியது. கடைசியில் "சரிடா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று கலைந்தோம். அடுத்த வாரம் வரவில்லை. ஐந்து மாதம் நோட்டைத் திறக்கவில்லை. எனக்கு இது வராது என்றே முடிவு கட்டிவிட்டேன், யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வேலை அதிகம் என்று சொல்லித் தப்பித்தேன்.

திரும்பி வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது அந்த முறுக்குக்காரன், "அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருந்தது?" என்று கேட்டான். ஐந்து மாதமாக ஒருவன் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் மோசம் என்று நினைத்த நாள் அவனுக்கு முடியாத நாளாக மட்டும்தான் இருந்தது.

அதிலிருந்து சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். புதிருக்கு நான் விடை எழுதுவதில்லை, கதவை மட்டும் எழுதுகிறேன், நியாயமான மூன்றாவது யோசனைக்கு அது திறந்துவிடும். பத்து நிமிடம் யாரும் பகடையைத் தொடவில்லை என்றால் ஏதாவது ஒன்று உள்ளே வரும், ஒரு காவலாளியோ தண்ணீரோ தீயோ. ஆட்டம் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்க மாட்டேன், அதற்கு எல்லோரும் "சூப்பர்" என்பார்கள், அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. "எந்த இடம் ஞாபகம் இருக்கிறது, எந்த இடத்தில் போனை எடுத்தாய்?" என்று கேட்பேன். பதில் சில சமயம் சுருக்கென்று குத்தும். அன்றைக்கே எதையும் மாற்றாதீர்கள், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாதிக் குறைக்கு வெறும் பசியும் ஏழரை மணி ஆனதும்தான் காரணம்.

ஆள் சேராதது இன்னொரு வகை அடி. ஐந்து பேரும் ஒரே நாளில் ஓய்வாக இருப்பது முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். எங்கள் விதி: மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு, வராதவரின் கேரக்டருக்குக் காய்ச்சல்.

அவர்கள் தாண்டிப் போன இடத்தை என்ன செய்வது? கிழிக்காதீர்கள். நான் சொன்ன அந்தப் படகுத் துரோகத்தில் வீணான நாற்பது பக்கத்திலிருந்து ஒரு காவல் கோபுரம் அடுத்த வருடம் கலங்கரை விளக்கமானது, ஒரு துஷ்ட மந்திரி பேர் மாறி ஏரிக்கரை ஊர்த் தலைவரானார். ஆட்டக்காரர்கள் பார்க்காதது அவர்களுக்குப் புதிதுதான். எழுதிய தாளில் இடப்பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், மாற்ற வசதி.

ஏரிக் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். சண்டையே போடவில்லை. கோப்ளின்களைக் கரைக்குக் கல் சுமக்க வைத்து, அதற்குக் கூலியாக மேல்மடைப் பக்கம் குடியிருக்க இடம் வாங்கிக் கொடுத்தார்கள், நீர்க்கட்டிக்கு இப்போது ஆறு கோப்ளின் உதவியாளர்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்த ஓகர் அப்படியே நோட்டில் இருக்கிறது. அதற்கப்புறம் அதைப் பாலத்துக்குக் காவல் வைத்தேன், சுற்றிக்கொண்டு போனார்கள். திருவிழாவில் மல்யுத்தக்காரனாக இறக்கினேன், சேவல் சண்டை பார்க்கப் போய்விட்டார்கள். இந்த ஞாயிறு அதற்கு ஒரு டீக்கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.