கண்வலிக் கிழங்கு ஊன்றப் போகிறீர்களா?

ஐப்பசி மாதத்தில் மூலனூர், தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போனால் சாலையோரத் தோட்டங்களில் கம்பிப் பந்தல் மேல் நெருப்புப் பற்றிய மாதிரி பூத்திருக்குமே, அதுதான் செங்காந்தள், நம் மாநிலப் பூ. இங்கே கண்வலிக் கிழங்கு என்றால்தான் சட்டென்று புரியும். காட்டிலும் கிளுவை வேலியிலும் தானாக ஏறிக் கிடந்த கொடிதான், விதையில் இருக்கும் கோல்ச்சிசின் கீல்வாத மருந்துக்கு வெளிநாடு வரை போக ஆரம்பித்ததும் பயிராகிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது முழுச்செடியும் விஷம், கிழங்கும் விதையும் ரொம்பவே விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு, முறிமருந்து என்று தனியாக எதுவும் கிடையாது. சமையல் சாமானோடு வைக்காதீர்கள், கையுறை போட்டு வேலை செய்யுங்கள், குழந்தைகளையும் ஆட்டையும் அண்டவிடாதீர்கள். பாம்புக்கடிக்கு அரைத்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, நடவுக்கு வருவோம். தண்ணீர் நிற்காத செம்மண் நிலம் நல்லது, ஆடியில் ஊன்றலாம். விதை போட்டால் பூக்கவே மூன்று நான்கு வருடம் ஆகும், அதனால் கிழங்குதான். காட்டில் போய்த் தோண்டாதீர்கள், ஏற்கெனவே பயிர் வைத்திருக்கும் விவசாயியிடம் வாங்குங்கள். கிழங்கு கலப்பை மாதிரி கவைத்து இரண்டு கொம்பாக இருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண், அது முறிந்தால் அந்தக் கொம்பு முளைக்கவே முளைக்காது. மூட்டையில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்து பாதியை வீணாக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முட்டையைப் போலத் தூக்குங்கள். 50 கிராமுக்குக் குறைந்த கிழங்கு வேண்டாம். பூஞ்சாண மருந்துக் கரைசலில் அரைமணி நேரம் நனைத்து, தொழுவுரம் போட்ட பாரில், அதாவது மண்ணை மேடாக அணைத்த வரிசையில், ஒன்றரை அடிக்கு ஒன்று ஊன்றுங்கள். கொடிக்கு இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும், பற்ற ஒரு கம்பியோ கிளுவைக் குச்சியோ கொடுத்தால் போதும். அப்புறம் அழுகல்தான் பெரிய எதிரி, மழைத் தண்ணீரை உடனே வடித்துவிடுங்கள்.

பூத்த பிறகுதான் உண்மையான வேலை. ஒரு பூவைக் கையில் பிடித்துப் பாருங்கள்: ஆறு இதழும் பின்னால் மடிந்து மேலே எழும்பி நிற்கும், ஆறு மகரந்தக் கம்பிகளும் வெளியே விரிந்திருக்கும், சூல்தண்டோ அடியிலேயே முழங்கை மாதிரி ஒரு பக்கமாக மடங்கி விலகிப் போயிருக்கும். மகரந்தம் தானாகச் சூல்தண்டின் நுனியான சூல்முடியைத் தொடுவது கஷ்டம். பூச்சியை நம்பினால் காய் ரொம்பக் குறைவாகத்தான் பிடிக்கும், அதனால் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு செடியின் மகரந்தத் தூளை எடுத்து இன்னொரு செடியின் சூல்முடியில் தொட்டு வையுங்கள். பூ விரிந்த முதல் இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். தினமும் புதுப் பூ விரியும், அந்த இரண்டு நாளை விட்டால் அந்தப் பூவின் காய் போனதுதான். இதற்கு ஆள் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை சென்ட் போடுவது என்று முடிவு செய்யுங்கள். விலையும் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும், இருக்கிற நிலம் முழுவதையும் இதில் போடாதீர்கள்.

ஊன்றி ஐந்தாறு மாதத்தில் காயின் பச்சை வெளுக்கும், அப்போது பறித்து நிழலில் உலர்த்துங்கள். காய் வெடித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று விதை வரிசையாக ஒட்டியிருக்கும். கொடி காய்ந்து மறைந்துவிடும், ஆனால் கிழங்கு மண்ணுக்குள் உறங்கி அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். இடம் தெரியக் குச்சி நட்டு வையுங்கள், இல்லையென்றால் களை வெட்டும்போது மண்வெட்டி முளைக்கண்ணில்தான் விழும்.