காலநிலை பற்றி வாதிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் காலநிலை மாற்றம் பற்றிய வாதம் பெரும்பாலும் அக்னி நட்சத்திரக் காலத்தில்தான் தொடங்குகிறது. "வெயில் சதமடித்தது" என்று நாளிதழ் எழுதிய காலையில், டீக்கடையிலோ காட்பாடி ரயில் நிலைய நடைமேடையிலோ ஒருவர், "உலகமே சூடாயிடுச்சு, இனிமே வருஷா வருஷம் இப்படித்தான்" என்பார். உடனே இன்னொருவர், "வேலூர்ல எந்தக் காலத்துல வெயில் இல்ல? நாளைக்கு மழை வருமான்னே சொல்லத் தெரியாதவங்க 2050 பத்திச் சொல்றாங்களாம்" என்று மடக்குவார். இருவருமே விஞ்ஞானிகளை மொத்தமாக நம்புவதா, மொத்தமாக ஒதுக்குவதா என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கணிப்பு, அது எதைப் பற்றியது, எவ்வளவு உறுதியோடு சொல்லப்பட்டது என்று பிரித்துக் கேட்டால் வாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நாளைய மழையையும் 2050ஆம் ஆண்டின் வெப்பத்தையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் இத்தகைய வாதங்களில் நேரும் பெரிய தவறு. மே மாதத்தின் குறிப்பிட்ட ஒரு பிற்பகலில் குடியாத்தத்தில் இடியுடன் மழை கொட்டுமா என்று பத்து நாட்களுக்கு முன்பே எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனெனில் காற்றின் இன்றைய நிலையில் அளவிட முடியாத சிறு வேறுபாடுகள் நாளாக ஆகப் பெருகி, கணக்கையே புரட்டிவிடும். ஆனால் அடுத்த மே மாதம் அடுத்த ஜனவரியைவிடச் சூடாக இருக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் தயங்காமல் சொல்வான். 2050 பற்றிய கணிப்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது: எந்த நாளில் என்ன நடக்கும் என்பதை அது சொல்லவில்லை, வெப்பத்தைத் தேக்கும் வாயுக்கள் கூடினால் சராசரி எந்தப் பக்கம் நகரும் என்பதைத்தான் சொல்கிறது. ஹவாய் தீவின் மௌனா லோவா நிலையத்தில் 1958ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சுவீடனைச் சேர்ந்த விஞ்ஞானி அரீனியஸ் 1896லேயே, கணினி ஏதும் இல்லாமல், கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். காலநிலை என்பது வழக்கமாக 30 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு பேசப்படுவது. ஆகவே கொளுத்திய ஒரு மே மாதம் எதையும் நிரூபிப்பதில்லை, குளிர்ந்த ஒரு மே மாதம் எதையும் பொய்யாக்குவதுமில்லை.

வானிலை அறிவிப்பையே சரியாகப் படிக்காமல் "பொய்த்தது" என்று தீர்ப்பளிப்பதும் பரவலான பழக்கம். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று சென்னை வானிலை ஆய்வு மையம் சொன்னால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகலாம் என்பதே அதன் கணக்கு. "சில", "பல", "பெரும்பாலான" என்று அளவு படிப்படியாக ஏறும். வேலூர் அருகே அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் பெய்த மழை, நகரின் சத்துவாச்சாரியில் ஒரு சொட்டும் விழாமல் போனால் அந்த அறிவிப்பு தவறவில்லை. பொய்த்த நாட்கள் மட்டுமே நினைவில் நிற்க, பலித்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை என்பது வேறு விஷயம். பஞ்சாங்கத்தின் மழைக் குறிப்புக்கு நாம் காட்டும் சலுகை இதற்கு நேர்மாறானது: அங்கே பலித்தது மட்டும் நினைவில் நிற்கிறது.

டிகிரிக் கணக்கில் வரும் குழப்பம் சிறியது போலத் தெரிந்தாலும் வாதத்தையே திசைதிருப்பிவிடுகிறது. சதமடித்த வெயில் என்று நாம் சொல்வது பாரன்ஹீட்டில் 100, அதாவது ஏறத்தாழ 37.8 டிகிரி செல்சியஸ். உலகின் சராசரி உயர்வையோ செல்சியஸில்தான் சொல்கிறார்கள்: உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி சூடாக இருந்தது. "ஒன்றரை டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் அதைக் கைப்பேசியில் மாற்றிப் பார்த்து, 34.7 பாரன்ஹீட் என்று படிக்கிறார். கைப்பேசி செய்தது நீர் உறையும் அளவிலிருந்து ஒன்றரை டிகிரி மேலே உள்ள வெப்பநிலையை மாற்றும் கணக்கு; நமக்கு வேண்டியதோ ஏற்றத்தின் அளவு. அது 2.7 பாரன்ஹீட். கடலையும் துருவங்களையும் சேர்த்து, ஆண்டு முழுவதற்கும் எடுத்த சராசரி இது என்பதை மறந்துவிட்டால் அந்த எண் அற்பமாகத்தான் தோன்றும். இதேபோல், "வேலூரில் 48 டிகிரி" என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பகிர்வதற்கு முன் அது ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட உணரும் வெப்பமா, வெப்பமானியில் அளந்த வெப்பமா என்று பார்ப்பது நல்லது. ஆய்வு நிலையத்து வெப்பமானி காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் திரை காட்டும் எண்ணோடு அதை ஒப்பிட முடியாது.

"பழைய கணிப்பு எதுவும் பலிக்கவில்லை" என்பவரிடம் கோபப்படுவதைவிட, எந்தக் கணிப்பு என்று கேட்பது பயன் தரும். உண்மையிலேயே பிழையானவையும் உண்டு. இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துபோகலாம் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் வந்த வரிக்கு ஆதாரமில்லை. 2010ல் அந்தக் குழுவே அதை ஒப்புக்கொண்டது. இதை மறைத்துப் பேசுபவரின் மற்ற சொற்களையும் கேட்பவர் சந்தேகிப்பார், சந்தேகிப்பதும் நியாயம்தான். ஆனால் ஒரு வரியின் பிழையைக் கொண்டு முழுக் கணக்கையும் தள்ளிவிட முடியாது. 1970 முதல் 2007 வரை வெளியான 17 வெப்பநிலைக் கணிப்புகளைப் பின்னாளில் பதிவான அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019ல் வெளிவந்தது. அவற்றில் 10 நேரடியாகவே பொருந்தின. வாயுக்களின் உமிழ்வு எவ்வளவு இருக்கும் என்ற அனுமானத்தில் நேர்ந்த வேறுபாட்டைச் சரிசெய்தபோது அந்த எண்ணிக்கை 14 ஆனது.

இனி, மாற்றத்தை நம்பும் தரப்பு செய்யும் தவறு. கண்ணில் படும் ஒவ்வொரு கேட்டுக்கும் காலநிலையையே காரணமாக்கினால், கையருகே உள்ள காரணங்கள் தப்பித்துக்கொள்கின்றன. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதற்கு மேல்பகுதியில் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் உள்ள ஏரிகளும் தடுப்பணைகளும், ஆற்றில் அள்ளிய மணலும், ஆழ்துளைக் கிணறுகளும் எத்தனை பங்கு என்று கேட்காமல், "புவி வெப்பமாதல்" என்று சொல்லி முடித்துவிடுவது மணல் அள்ளியவருக்குத்தான் வசதி. நகருக்குள் இரவு வெப்பம் தணியாததில் கான்கிரீட்டுக்கும் நெடுஞ்சாலை ஓரத்து மரங்கள் போனதற்கும் பங்கு உண்டு.

2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிய பேச்சில் இரு தரப்பின் தவறும் ஒருங்கே தெரியும். பாலாறு கரைபுரண்டபோது, இது காலநிலை மாற்றத்தின் வேலைதான் என்று ஒருவர் அடித்துச் சொல்ல, 1903ல் வாணியம்பாடியை வெள்ளம் சூறையாடியபோது எந்த மாற்றம் இருந்தது என்று மற்றவர் திருப்பிக் கேட்டார். முன்பு இயற்கையாக வந்தது என்பதால் இப்போது மனிதர் பங்கு இல்லை என்றாகாது; வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகமாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். அதே சமயம், குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தில் அந்தக் கூடுதலின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். "இத்தகைய மழைக்கான வாய்ப்பு கூடுகிறது" என்பது வரை சொல்வதே நேர்மையான பேச்சு.

"முழு உறுதி கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற வாதத்துக்கான பதில் நம் ஊர்ப் பெயரிலேயே சட்ட வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்க முடியாத கடும் சேதம் நேரக்கூடும் என்ற நிலையில், அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக அது ஏற்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது; வேலூரை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இந்த இரண்டாவது கோட்பாட்டிலிருந்துதான், "அமெரிக்காவும் ஐரோப்பாவும் நூறு வருஷம் புகை விட்டாங்க, நாம ஏன் கஷ்டப்படணும்?" என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானது, பன்னாட்டு மாநாடுகளில் இந்தியா பல ஆண்டுகளாக வைத்துவரும் வாதமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அது செலவைப் பங்கிடுவது பற்றிய கேள்வி. வெப்பநிலை ஏறுகிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது. அமெரிக்காவிடம் கணக்குக் கேட்க விரும்புபவர் வெப்பமானியைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னால், கேட்கும் கணக்குக்கான ஆதாரத்தையே அவர் கைவிட்டவர் ஆகிறார்.