மலைத் தோட்டக்காரரின் கொரிதோவைக் கேட்பது எப்படி

கொரிதோ என்பது மெக்சிக்கோவின் கதைப்பாடல். நான்கடிச் செய்யுள்களாக, பெரும்பாலும் அடிக்கு எட்டு அசை வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லிச் செல்லும் இவ்வடிவம், 1910இல் தொடங்கிய மெக்சிக்கப் புரட்சியின்போது ஊர் ஊராகச் செய்தி கொண்டு சென்றது. கஞ்சாவும் அபினும் பயிரிட்டவர்களைப் பற்றிய கொரிதோக்களை யாழ்ப்பாணத்து வாசிகசாலையொன்றில் நாலுபேர் கூடிக் கேட்பதற்கு ஸ்பானிய மொழி கட்டாயமில்லை. வரிகளின் மொழிபெயர்ப்பு கையிலிருந்தால் போதும்.

முதலில் தொடக்கச் செய்யுளை மட்டும் போட்டுக் கேளுங்கள். ஆண்டு, இடம், ஆளின் பெயர் ஆகியவற்றை அங்கேயே சொல்லிவிடுவது மரபு. ஊரை வரைபடத்தில் தேடுங்கள். சினலோவா, துராங்கோ, சிவாவா ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மேற்குச் சியரா மாத்ரே மலைகளில் அது இருந்தால், பயிர் விளைந்த நிலத்துக்கே வந்துவிட்டீர்கள்.

அடுத்து, பாட்டில் வேலை எங்கே வருகிறது என்று கவனியுங்கள். அபின் செடியின் காயைக் கீறிவிட்டு, வடிந்த பால் இறுகியபின், மறுநாள் ஒவ்வொரு காயாகச் சுரண்டி எடுக்கவேண்டும். சரிவான நிலத்தில் குடும்பமே நின்று செய்யும் இவ்வேலையின் முடிவில் கிடைப்பது சிறிதளவு பிசின், அதற்கு விலை சொல்பவரோ வாங்க வருபவர். வெங்காயம் கிண்டிய கிழமையிலேயே விலை விழுந்து, வியாபாரி சொன்னதற்குத் தலையாட்டிய வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது. சோளம் விதைத்துப் பார்த்தும் கட்டுப்படியாகவில்லை என்ற வகையில் ஒரு நியாயம் பாட்டில் வந்தால், அங்கே நிறுத்தி மீண்டும் போடுங்கள்.

ஒப்பாரியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். அக்கோடியனும் 12 தந்திகள் கொண்ட பாகோ செக்ஸ்தோ என்ற கிற்றார் வகையும் போல்கா என்ற நடனத் தாளத்தில் துள்ளிக்கொண்டிருக்க, பயிர் எரிந்ததையும் மகன் சிறை போனதையும் பாடகர் ஒரே குரலில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார். அந்தக் குரல் மாறாமையில்தான் இம்மக்களின் தாங்குதிறன் கேட்கிறது என்பது என் எண்ணம்.

இராணுவம் வந்தது என்ற அடி வரும்போது ஆண்டைப் பாருங்கள். 1970களின் பிற்பகுதியில் ‘கொண்டோர் நடவடிக்கை’ என்ற பெயரில் படையினர் இம்மலைகளில் இறங்கிப் பயிரை அழித்தார்கள். விமானத்திலிருந்து களைகொல்லியும் தெளிக்கப்பட்டது. மலையூர்கள் பல வெறிச்சோட, சனங்கள் குலியகான் போன்ற நகரங்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். இடம்பெயர்வை நாங்களும் அறிவோம். ஆயினும் எங்கள் கதையை அதன்மேல் ஏற்றாமல், அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. கடத்தல் முதலாளிகள் பணம் கொடுத்துத் தங்களைப் புகழ்ந்து எழுதுவித்த கொரிதோக்களும் ஏராளம். துவக்கும் வாகனமும் அடிக்கொருமுறை வந்து, மண்ணும் மழையும் ஒரு தடவைகூட வராவிட்டால், அது தோட்டக்காரரின் பாட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு. இளையவர்கள் இருக்கும் கூட்டத்தில் அத்தகையதை முதலாவதாகப் போடவேண்டாம்.

கடைசிச் செய்யுள் விடைபெறும் செய்யுள். பாடகர் சிலவேளை புறாவிடம் சேதி சொல்லி அனுப்புவார். அதையும் கேட்டபின், பாட்டு வெளியான ஆண்டைக் குறித்துவையுங்கள். செயற்கைப் போதைப்பொருளான பென்டனில் அமெரிக்கச் சந்தையில், அபினிலிருந்து செய்யப்படும் ஹெரோயினின் இடத்தைப் பிடித்ததால், 2017–18 அளவில் தெற்கு மெக்சிக்கோவின் கெரெரோ மாநிலத்தில் அபின் பிசினின் விலை சரிந்தது. அதற்கு முன் எழுதிய பாட்டில் இருக்கும் விலையை அதற்குப் பிந்திய மலையூருக்குப் பொருத்திப் பார்க்கமுடியாது.