பீங்கான் கலையைத் தொழிலாகக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானாமதுரையில் கடம் செய்பவரிடம் ஒரு வித்வான் வந்து, "எனக்கு இந்தச் சுருதியில் வேண்டும்" என்று கேட்பார். மண் ஈரமாக இருக்கும்வரை அந்தப் பானைக்குச் சுருதியே கிடையாது. தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கி, காயவைத்து, சூளையில் சுட்டு எடுத்த பிறகுதான் அது பேசும். சுடுவதற்கு முன்பே சுட்டபின் என்ன ஆகும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடம் செய்வதற்காகச் சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற மீனாட்சி கேசவன் போன்றவர்களின் தேர்ச்சி அதில்தான் இருக்கிறது.

சக்கரத்தில் ஓரளவு பழகி, கோப்பையும் கிண்ணமும் வரத் தொடங்கியதும் இதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு மேற்பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்று நிறையப் பேர். அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: நல்ல பானை ஒன்று வந்துவிட்டால், அதைச் செய்யத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. அதே பானையை அடுத்த மாதம் அதே அளவில், அதே நிறத்தில் இன்னொருவர் கேட்டால் கொடுக்க முடியுமா? தொழில் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

எங்கே படிப்பது

ஒவ்வொரு இடமும் எதற்குப் பயிற்றுவிக்கிறது என்று விசாரிக்காமல் சேருவது முதல் தவறு. விருத்தாசலத்தில் இருக்கும் செராமிக் டெக்னாலஜி பட்டயப் படிப்பு தொழிற்சாலையை மனத்தில் வைத்தது. மூலப்பொருள், உலை, தரச்சோதனை ஆகியவற்றில் வலுவான அடித்தளம் தரும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் செராமிக், கண்ணாடி வடிவமைப்புப் பிரிவு வடிவமைப்பாளரை உருவாக்குவது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழி வேறு. டெபோரா ஜப்பானின் மட்பாண்ட ஊரான பிஸேனில் பயின்றவர். ரே கலிஃபோர்னியாவில் கட்டடக்கலையும் செராமிக்கும் படித்தவர். வேலை நடக்கும் பட்டறைக்குள்ளேயே கற்றுக்கொள்ளும் முறை அங்கே வேர்விட்டது. புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஸ்டுடியோக்கள் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இவற்றில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. ஆனால் வாரக்கடைசிப் பயிலரங்குகளாகச் சேர்த்துக்கொண்டே போவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு வாரம் ராக்கு (பாத்திரத்தைச் செந்தணலாகவே சூளையிலிருந்து எடுக்கும் முறை), அடுத்த மாதம் விறகுச் சூளை, அதன்பின் போர்சலின் (வெண்பீங்கான்) என்று ஓடுகிறவருக்கு எல்லாவற்றிலும் அறிமுகம் இருக்கும். எதிலும் ஏன், எதனால் என்பது தெரிந்திருக்காது. ஒரே மண், ஒரே வெப்பநிலை, இரண்டு மூன்று கிளேஸ் (பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) என்று ஓராண்டு நின்று பார்ப்பவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார்.

எல்லாவற்றையும் சுட்டு வைப்பது

சக்கரத்திலிருந்து இறங்கிய ஒவ்வொன்றையும் சூளைக்கு அனுப்பாதீர்கள். கம்பியால் நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். அடி தடித்திருக்கிறதா, சுவர் நடுவில் மெலிந்திருக்கிறதா என்பது ஒரு நொடியில் தெரியும். முழுப் பானை அதை மறைத்துவிடும். மண்ணை எடைபோட்டு, ஒரே அளவு உருண்டைகளாக வைத்துக்கொண்டு, ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் இந்தக் கட்டத்தின் முக்கியமான பயிற்சி. அலுப்பாக இருக்கும், உண்மைதான். கை சீராவதற்கு இதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சுருக்கக் கணக்கிலும் பலர் வழுக்குகிறார்கள். உங்கள் ஸ்டோன்வேர் மண் (உயர் வெப்பத்தில் கல்போல் இறுகும் மண்) ஈரநிலையிலிருந்து சுட்டு முடியும்வரை 12% சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தட்டு வேண்டுமானால் 12 விழுக்காட்டைக் கூட்டி 33.6 செ.மீ.க்குச் செய்கிறார்கள். 30-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும், 34.1 செ.மீ. வரும். தட்டில் இந்த அரை சென்டிமீட்டர் போனால் போகட்டும். மூடி ஒரு மண்ணிலும் ஜாடி வேறு மண்ணிலும் செய்யப்பட்டிருந்தால் மூடி உட்காரவே உட்காராது. கொள்ளளவு இன்னும் ஏமாற்றும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 300 மி.லி. பிடிக்கும் ஈரக் கோப்பை, சுட்டபின் 204 மி.லி.தான் பிடிக்கும். உணவகத்திலிருந்து ஆர்டர் எடுத்தபிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை.

கிளேஸ்: பார்த்து எழுதுவதன் ஆபத்து

அதிகப் பணமும் நேரமும் வீணாவது இங்கேதான். இணையத்தில் அழகான நிறத்தைப் பார்த்து, அதன் செய்முறையை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்கச் செய்முறைகள் பலவற்றில் ஜெர்ஸ்ட்லி போரேட் என்று இருக்கும். அது கலிஃபோர்னியாவில் வெட்டி எடுக்கப்பட்ட தாது. கஸ்டர் ஃபெல்ட்ஸ்பார் என்றால் தெற்கு டகோட்டாவின் கல். நமக்குக் கிடைக்கும் ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாசியம், சோடியம் விகிதமே வேறாக இருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. சப்ளையரிடம் வேதிப் பகுப்பாய்வுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். புதிய மூட்டை வரும்போதெல்லாம் பழையதோடு சேர்த்துச் சிறு ஓடுகளில் சுட்டு ஒப்பிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் பெயரால் வழங்கும் பழைய கிளேஸைச் சொல்வேன்: ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் (சிலிக்கா) 30, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் தூள்) 20, கயோலின் (வெண்களிமண்) 10. கோன் (போதிய வெப்பம் பட்டதும் வளையும் சிறு கூம்பு) 10 அளவில், சுமார் 1280 டிகிரி செல்சியசில் உருகும். நான்கே பொருள்கள் என்பதால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வைட்டிங்கை மட்டும் 10, 15, 20, 25, 30 என்று மாற்றி ஐந்து ஓடுகள் சுடுங்கள். பிறகு குவார்ட்ஸை மட்டும். இதிலேயே இரும்பு ஆக்சைடு 1% சேர்த்து, ஆக்சிஜன் குறைந்த சூளையில் சுட்டால் செலடான் பச்சையை நோக்கிப் போகும். 8 முதல் 10% சேர்த்தால் டென்மோக்குக் கருப்பை நோக்கி. ஒரே சோதனையில் இரண்டு பொருள்களை மாற்றினால் எது எதனால் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடுகள் படுக்கையாக இருக்கக் கூடாது. நிற்கிற ஓட்டில்தான் கிளேஸ் எவ்வளவு வழிகிறது என்று தெரியும்.

பூச்சின் தடிமனையும் எண்ணாகக் குறித்து வையுங்கள். கலக்கிய கிளேஸில் சரியாக 100 மி.லி. எடுத்து எடைபோடுங்கள். இன்று 145 கிராம் இருந்தால், அடுத்த முறையும் 145 இருக்கும்படி தண்ணீரைச் சரிசெய்யுங்கள். "பால் பதத்தில்" என்று நோட்டில் எழுதி வைப்பது ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவாது.

கிளேஸில் மயிரிழை விரிசல் விழுந்தால் பலர் சூளையைக் குறை சொல்கிறார்கள். ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்குவதுதான் காரணம். கிளேஸில் சிலிக்காவைக் கூட்டுவது, சோடியம், பொட்டாசியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மெக்னீசியமோ போரானோ கொடுப்பது ஆகியவைதாம் திருத்தங்கள். சில விரிசல்கள் வாரக்கணக்கில் தாமதமாக வரும். அதனால் புதிய கிளேஸை உடனே விற்பனைக்கு வைக்காதீர்கள்.

நம் சமையலில் புளியும் எலுமிச்சையும் தயிரும் இல்லாத நாள் இல்லை. ஊறுகாய் மாதக்கணக்கில் ஜாடியிலேயே இருக்கும். ஆகவே சாப்பாட்டுப் பாத்திரத்தின் உள்பக்கம் ஈயம், காட்மியம், பேரியம் கலந்த கிளேஸ் வேண்டாம். தாமிரம் அதிகமுள்ள பச்சையும் அமிலத்தில் கரையக்கூடும். ஒரு துண்டு எலுமிச்சையை இரவு முழுவதும் வைத்து, காலையில் நிறம் மங்கியிருந்தால் அதை உள்பக்கம் பூசக் கூடாது. நிறம் மாறாததால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகிவிடாது. விற்கத் தொடங்கும் முன் ஆய்வகச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சூளையை இன்னொருவரிடம் விடுவது

பயிற்சி இடங்களில் சூளை ஏற்றுவதையும் சுடுவதையும் ஆசிரியரோ உதவியாளரோ பார்த்துக்கொள்வார்கள். மாணவர் மறுநாள் வந்து பாத்திரத்தை எடுத்துக்கொள்வார். இது பாதிப் படிப்பை விட்டுவிடுவதற்குச் சமம். இரவுப் பணியைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் முழுதும் போகும்வரை 100 டிகிரிக்குக் கீழே பொறுமையாக வைத்திருப்பது, 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று விரிவதால் அந்த இடத்தை மெதுவாகக் கடப்பது, இறங்கும்போதும் அதே எச்சரிக்கை: இவையெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும்.

சூளையின் வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் கிளேஸை உருக்குகின்றன. அந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுவதற்காகத்தான் பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886-இல் கோன்களை உருவாக்கினார். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே சூளைக்குள் எவ்வளவு வேறுபாடு என்று வியந்துபோவீர்கள்.

தூசி

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் கடுமையாகவே சொல்ல வேண்டும். காய்ந்த மண்ணிலும் கிளேஸ் தூளிலும் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் நோயைத் தரும். வந்தபின் குணமாகாது. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். தூள் கலக்கும்போது என்95 முகமூடி கட்டாயம். மண் படிந்த உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள், குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

விலையும் சொந்தச் சூளையும்

நண்பர்கள் வாங்குகிறார்களே என்று மூலப்பொருள் செலவோடு கொஞ்சம் சேர்த்து விலை வைப்பது வழக்கம். சக்கரத்தில் செய்த நேரம் மொத்த வேலையில் சிறு பகுதிதான். அடி செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, முதல் சூளை, கிளேஸ், இரண்டாம் சூளை, அடி தேய்ப்பது, பொதி கட்டுவது எல்லாம் கணக்கில் வர வேண்டும். சூளையில் 40 வைத்து 32 தேறினால், உடைந்த எட்டின் செலவையும் அந்த 32-தான் சுமக்கும்.

படிப்பு முடியும் முன்பே சூளை வாங்கிவிடாதீர்கள். எந்த வெப்பநிலையில், மின்சாரமா வாயுவா, மாதம் எத்தனை பாத்திரம் என்பது தெளிவாகும்வரை ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் வாடகைக்கு இடம் கேட்டுச் சுடுங்கள். மின்சூளை என்று முடிவானால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் இடத்துக்கு மும்முனை இணைப்பு கிடைக்குமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.