சிக்னல் இல்லாவிட்டாலும் பைத்தான் நூலகத்தைத் துழாவலாம்

எங்கள் ஊரான மண்டபத்தில் காற்று பலமாக அடித்தால் வீட்டில் இணையம் நின்றுவிடும். நான் பைத்தான் என்ற நிரல் மொழியைப் பழகியதே அப்படிப்பட்ட நாட்களில்தான். கூகுளில் தேட வழியில்லாததால், நூலகத்திடமே (அதாவது, ஆயத்த நிரல்களின் தொகுப்பிடமே) கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்றும் அதுதான் எனக்குப் பிடித்த வழி.

கணினியில் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் பைத்தானைத் திறங்கள். மூன்று அம்புக்குறிகள் வந்ததும் இம்போர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று கொடுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பாக எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) 3.4 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வரும் புள்ளியியல் நூலகம் இது.

அடுத்து டிர்(ஸ்டாட்டிஸ்டிக்ஸ்). உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் கொட்டும். அடிக்கோட்டில் (_) தொடங்குபவை உள்வேலைக்கானவை, விட்டுவிடுங்கள். மீன், மீடியன் கண்ணில் படும். கடற்கரைக்காரர்களுக்கு முதல் பெயர் மறக்கவே மறக்காது. ஆனால் அது சராசரி.

மீடியன் என்றால் என்ன? ஹெல்ப்(ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.மீடியன்) என்று கேளுங்கள். மீடியனுக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள். போட்டால் விளக்கம் வராது. பைத்தான் அதை இயக்கப் பார்த்துப் பிழை காட்டும். புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். படித்து முடித்ததும் க்யூ விசையை அழுத்தி வெளியே வரலாம்.

சரி, இனி சோதித்துப் பாருங்கள். பாம்பனில் நண்டு வலை போடும் ஒருவருக்கு ஐந்து நாளில் 12, 15, 9, 60, 14 கிலோ கிடைத்தது என்று வையுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.மீன்([12, 15, 9, 60, 14]) என்று சதுர அடைப்புக்குள் பட்டியலாகக் கொடுத்தால் 22 என்கிறது, மீனுக்குப் பதில் மீடியன் போட்டால் 14 என்கிறது. அந்த ஒரு நாள் 60 கிலோ சராசரியை எங்கோ தூக்கிவிட்டது; வழக்கமான நாளில் கிடைப்பதைச் சொல்வது 14தான். விளக்கத்தை நூறு முறை படிப்பதைவிட இந்த இரண்டு வரி நன்றாகப் புரியவைக்கும். கடைசி விடை மறுபடி வேண்டுமானால் ஓர் அடிக்கோடு மட்டும் தட்டினால் போதும்.

பெயர் பாதிதான் நினைவிருக்கிறதா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்பதற்குப் பின் புள்ளி வைத்து முதல் எழுத்துகளைத் தட்டி, டேப் விசையை இருமுறை அழுத்துங்கள். விண்டோஸில் இது வேலை செய்யாவிட்டால் 3.13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள்.

அப்புறம், சிக்னல் இருக்கும்போதே ஐபைத்தானை (வசதிகள் கூடிய பைத்தான் கட்டளைச் சாளரம்) நிறுவி வையுங்கள். அதில் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கம், இரண்டு போட்டால் மூல நிரலே வரும். மீடியனுக்கு இரண்டு போட்டுப் பாருங்கள்: எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் சில வரிகள்தான்.