முதலில் கட்ட வேண்டிய அறை: விலங்குகள் காப்பகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டு இளைஞர்கள் தங்கள் காப்பகத்தின் விரிவாக்க வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். இருபது புதுக் கூண்டுகள், தத்தெடுப்பு நாளுக்கு ஒரு கூடம், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் உட்கார ஒரு மூலை. பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார்கள். "புதுசா வர்ற குட்டிகளை எங்கே வைப்பீங்க?" என்று கேட்டேன். "அதுக்குத் தனி ரூம் அடுத்த கட்டத்துல போட்டுக்கலாம்னு இருக்கோம்க்கா" என்றார் ஒருவர்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவுவது, கதவைத் தாழிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாரத்தில் கைப்பழக்கம் ஆகிவிடும்.

தனிமை அறையைத் தள்ளிப்போடுவது

எங்களுக்கு ஒரு பெரிய நன்கொடை வந்தது. தரைக்கு டைல்ஸ் போட்டோம், சுவருக்கு வண்ணம் அடித்தோம், தத்தெடுப்பு நாளுக்குத் தேதியும் குறித்தோம். அதற்கு இரண்டு நாள் முன்பு வாசலில் யாரோ ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். துறுதுறுவென்று ஒன்றின் காதை ஒன்று கடித்து விளையாடிக்கொண்டிருந்தன. புதுக் கூடத்தின் கடைசிக் கூண்டு காலியாக இருந்தது. அதில் விட்டோம்.

தத்தெடுப்பு நாளில் அந்தக் குட்டிகள் கைமாறிக் கைமாறிப் போயின. இரண்டை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் காலை, மிச்சம் இருந்த மூன்றில் ஒன்று தட்டைப் பார்த்தும் எழவில்லை. வாயோரம் நுரை. சாயங்காலம் இரத்தமாகப் போக ஆரம்பித்தது. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்குப் பரிசோதனைப் பட்டையே தேவையில்லை. பட்டையிலும் இரண்டு கோடு விழுந்தது. பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் வைரஸ் நோய்.

பார்வோ உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சிலவற்றுக்கு 14 நாள் வரை போகும். அறிகுறி தெரிவதற்கு முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே குட்டி ஓடியாடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு குட்டியும் 14 நாள் தனியே இருக்க வேண்டும். நடுவில் அதே அறைக்குள் இன்னொன்றைச் சேர்த்தால், எல்லாவற்றுக்கும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

நோயை ஊரெல்லாம் பரப்பிய வேலையை எங்கள் மாப் செய்தது. ஒரே மாப், ஒரே வாளி. கடைசிக் கூண்டைத் துடைத்த அதே மாப் மறுநாள் காலை முதல் கூண்டுக்குப் போனது. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்புறை கிடையாது. அதனால் சோப்புக்கும் வழக்கமான பல கிருமிநாசினிகளுக்கும் அது சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். பிளீச் கேட்கும், ஆனால் நாங்கள் அதை அழுக்கின் மேலேயே ஊற்றினோம். மலமும் மண்ணும் பிளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் அள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன்பிறகு வீட்டு உபயோகப் பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பொறுமை இல்லாமல் உடனே துடைத்து எடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

தத்தெடுத்த இரண்டு வீட்டுக்கும் நான்தான் போன் செய்தேன். ஒரு வீட்டில் குட்டிக்கு அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு சிறுமி, "அம்மா, நம்ம குட்டியைப் பத்தியா பேசறாங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் குட்டி பிழைக்கவில்லை. காப்பகத்திலும் சேர்த்து மொத்தம் ஏழு போய்விட்டன.

டைல்ஸுக்குச் செலவழித்ததில் பாதி போதும், அந்த அறையைக் கட்டியிருக்கலாம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. பெரிய அறையெல்லாம் வேண்டாம். நான்கு கூண்டு, தனிக் கதவு, தனி வடிகால், அங்கேயே கிடக்கும் செருப்பு, சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு மாப். அந்த மாப் அறையைவிட்டு வெளியே வரவே கூடாது. வேலையைத் தொடங்கும் வரிசையும் முக்கியம்: முதலில் ஆரோக்கியமான குட்டிகள், பிறகு பெரியவை, பிறகு புதிதாக வந்தவை, கடைசியில்தான் நோயாளிகள்.

தடுப்பூசியை வாசலிலேயே போடுங்கள், திங்கட்கிழமை டாக்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு ஊசி போட்டதோடு நிம்மதி அடையவும் முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் ஊசியைச் செயல்படவிடாமல் தடுக்கலாம். அதனால்தான் காப்பகக் குட்டிகளுக்கு 4 முதல் 6 வார வயதில் தொடங்கி, 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை போடுகிறோம்.

அந்த இளைஞர்களின் வரைபடத்தில் வாசலை ஒட்டி வண்டி நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். அறை அங்கேதான் வர வேண்டும். வரும் குட்டி மற்ற கூண்டுகளைக் கடந்து போகவே கூடாது.

இடம் போதவில்லை என்று கூண்டை மட்டும் கூட்டுவது

ஒரு நாளைக்கு 2 விலங்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 30 நாள் தங்குகிறது என்றால், எப்போது எண்ணினாலும் சுமார் 60 இருக்கும். தங்கும் நாளை 20 ஆக்கினால் 40. ஒரு செங்கல் வைக்காமல் இருபது இடம் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்று, "இது எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேளுங்கள். அறுவை சிகிச்சைத் தேதிக்கா, நல்ல புகைப்படத்துக்கா, யாரோ போட வேண்டிய கையெழுத்துக்கா? எங்களிடம் ஒரு வயதான நாய், படிவத்தில் வயது எழுதாமல் விட்டதால் மட்டுமே பதினோரு நாள் கூடுதலாகக் கிடந்தது.

பூனைகளை நாய்க் கூடத்துக்கு அடுத்து வைப்பது

குரைப்புச் சத்தத்திலேயே பூனை பாதி நோயாளி ஆகிவிடும். மன அழுத்தத்தில் உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தலைதூக்கும். தும்மல், கண்ணில் நீர், சாப்பிட மறுப்பு. தூரமான அறை ஒன்று, ஒளிந்துகொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைப்பெட்டி. இவை இரண்டும் மருந்துச் செலவைக் குறைக்கும்.

பூனை அறையில் ஃபினாயில்

வேண்டவே வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு.

தடுப்பூசி முகாமைக் காப்பகத்துக்குள் நடத்துவது

வெளியே நடத்துங்கள்.

பிள்ளைகளை வகுப்போடு கூண்டுப் பக்கம் விடுவது

முப்பது பிள்ளைகள் ஒன்றாக ஓடிவந்தால் பயந்த நாய் இன்னும் மூலைக்குப் போகும். ஒரு பிள்ளை, ஒரு புத்தகம், ஒரு பாய் போதும். கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல் சத்தமாக வாசிக்கட்டும். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்த ஒரு பெண் நாய், ஒரு பையன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த நான்காவது நாள், கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி அவன் முழங்கையை முகர்ந்தது. பையன் அசையாமல் அடுத்த வரியை வாசித்தான். அசையாதே என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம்.

தன்னார்வலரை ரேபிஸ் ஊசி இல்லாமல் உள்ளே அனுப்புவது

முதல் ஊசி, ஏழாம் நாள் இரண்டாவது ஊசி. அதன்பிறகுதான் கூண்டுச் சாவி. கடிபட்டால் அப்போதும் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போயாக வேண்டும்.

தத்துக் கொடுத்ததும் கணக்கை முடித்துவிடுவது

மூன்றாம் நாள் கட்டாயம் போன் செய்யுங்கள். ஒரு குடும்பம் நாயைத் திருப்பிக் கொண்டுவர வண்டியே எடுத்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை, உடம்பு சரியில்லை போல என்றார்கள். சாப்பிடுகிறதா என்று கேட்டேன். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் தட்டு காலியாகிறதாம். அப்படியானால் பயம்தான், தட்டைத் தினமும் ஒரு அடி தள்ளி வையுங்கள் என்றேன். மூன்றாவது வாரம் ஒரு படம் அனுப்பினார்கள். நாய் கட்டிலுக்கு மேலே படுத்திருந்தது.